பாபநாசத்துக்குப் பிறகு ஓட்டியவன்

முதலில் ஒரு சின்னத் திருத்தம். ஏட்டையா எழுதும் தாளில் ‘பொம்மை ரயில்’ என்று இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. அதை ‘மாதிரி ரயில்’ என்று மாற்றச் சொல்லுங்கள். பொம்மை குழந்தைகளுக்கு. எங்களுடையது நிஜ ரயிலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. நிஜப் பெட்டியில் கதவுக் கைப்பிடி எங்கே இருக்கிறதோ, எங்கள் பெட்டியிலும் அங்கேதான் இருக்கும். நான் கல்லூரியில் கணிதம் கற்பித்தவன். அளவு தப்பினால் எனக்குச் சோறு இறங்காது.

டீ வேண்டாம், இன்ஸ்பெக்டர். இப்போதுதான் வீட்டில் காபி குடித்துவிட்டு வந்தேன்.

நான் வந்தது குணசேகரன் இறந்த விஷயமாக. மாரடைப்பு என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. யாரும் புகார் கொடுக்கவில்லையே என்று கேட்டீர்கள், அதுவும் சரிதான். ஆனால் அவரைப் பற்றி ஒரு தவறான செய்தி ஊரெல்லாம் பரவியிருக்கிறது. வலங்கைமான் கடைத்தெருவில் ப்ளெக்ஸ் பேனரே கட்டிவிட்டார்கள். அதைத் திருத்த வேண்டும். திருத்த முடிந்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் குழுவைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தஞ்சாவூரில் இப்படி ஒரு குழு இருப்பதே பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. தொடங்கியவன் நான். முதலில் நானும் ஸ்ரீவத்ஸனும் மட்டும் இருந்தோம். அவன் தாராசுரத்தில் வீட்டிலிருந்தபடியே ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை பார்க்கிறவன். வயர், கேமரா, கம்ப்யூட்டர் எல்லாம் அவன் பொறுப்பு. பிறகு டாக்டர் விஜயலட்சுமி சேர்ந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களுக்கு வயல்கள் செய்து தந்தவர் அவர்தான். தேங்காய் நாரைப் பொடிப்பொடியாக வெட்டிச் சாயம் ஏற்றுவார். நாற்றங்காலுக்கு ஒரு பச்சை, நட்ட வயலுக்கு ஒரு பச்சை, கதிர் பால் பிடிக்கும்போது வேறொரு பச்சை. மூன்றையும் நான் நிஜ வயலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறேன். குறை சொல்ல முடியாது.

கடைசியாக வந்தவர் குணசேகரன்.

வலங்கைமான் பக்கத்தில் அவருக்கு நிலம் உண்டு. பல வருடம் சிங்கப்பூரில் இருந்துவிட்டுத் திரும்பியவர். ஒரு பெரிய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உள்ளே துணி இல்லை, முழுக்க எஞ்சின்கள். ஒவ்வொன்றையும் பனியனில் சுற்றி வைத்திருந்தார்.

“சார், என்னையும் சேத்துக்குவீங்களா? எனக்கு ஸ்கேலு, கணக்கெல்லாம் தெரியாது சார். ரயிலு புடிக்கும். அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொன்னது உண்மை என்பதைப் போகப்போகத் தெரிந்துகொண்டேன். கணக்கு அவருக்குத் தெரியவே தெரியாது.

ஆனால் மனிதர் நல்லவர். அதை நான் எங்கேயும் சொல்வேன். கொள்முதல் நிலையத்துக்கு நெல் போனபிறகு காலியாகக் கிடக்கும் தன் குடோனை எங்களுக்குத் திறந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அங்கே கூடுவோம். மேசை மேசையாக ஊர்களைச் செய்து, பிறகு ஒன்றோடொன்று கோத்துத் தண்டவாளத்தை இணைப்பது எங்கள் முறை. அவருடைய மனைவி கலைமகள் பெரிய தூக்கில் டீயும் தட்டு நிறைய மெதுவடையும் கொண்டுவந்து வைப்பார். “பெரிய மனுசங்க எல்லாம் தரையில தவழ்றதைப் பாருங்களேன்” என்று சிரிப்பார். அந்த ஞாயிறுகளில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். இதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். எனக்கு அவர்மேல் விரோதம் எதுவும் இருந்ததில்லை.

இந்தக் கோடை விடுமுறையில் பெரிய கண்காட்சி ஒன்று நடத்த முடிவு செய்தோம். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வரை முழுப் பாதையும், ஒரு ஸ்டேஷன் விடாமல். தாராசுரம், சுவாமிமலை, சுந்தரப்பெருமாள்கோவில், பாபநாசம், பண்டாரவாடை, ஐயம்பேட்டை, பசுபதிகோவில், திட்டை. நடுவில் ஆறுகள், பாலங்கள், லெவல் கிராசிங்குகள். ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்தோம். சாப்பாட்டுக் கூடம் வரைக்கும் தண்டவாளம் போயிற்று. கோயம்புத்தூரிலிருந்து நடுவர்கள் வருவதாகவும், சிறந்த ஓட்டத்துக்குக் கேடயம் தருவதாகவும் ஏற்பாடு. தென்னிந்தியாவில் இவ்வளவு நீளத்துக்கு யாரும் செய்ததில்லை என்று அவர்களே சொன்னார்கள்.

குணசேகரன் பாபநாசம் மேசையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில்தான் எனக்குச் சங்கடம் தொடங்கியது. லெவல் கிராசிங்கில் நெல் மூட்டை ஏற்றிய லாரி ஒன்றை நிறுத்தினார், சரி. அதன் பின்னால் ஒரு மினி பஸ், அதுவும் சரி. மூடிய கேட்டுக்கு அடியில் ஒருவன் மொபெட்டைச் சாய்த்து நுழைத்துக்கொண்டிருப்பதுபோலச் செய்து வைத்தார். அவன் முதுகில் ஒரு வாழைத்தார். சட்டவிரோதமான செயலைக் கண்காட்சியில் வைப்பதா என்று கேட்டேன்.

“நம்ம ஊர்ல எவன் சார் கேட்டு தொறக்கற வரைக்கும் நிக்கிறான்?” என்றார்.

பிளாட்பாரத்தில் ஒரு ஆடு வேறு. ஆட்டின் அளவு தப்பு. எண்பத்தேழுக்கு அது பொருந்தவில்லை, நாற்பதுக்குத்தான் பொருந்தும். கிட்டத்தட்ட மாட்டின் உயரம். கண்காட்சி நாட்களில் காலையில் முதல் வேலையாக நான் அதை எடுத்து டிராயரில் போடுவேன். மத்தியானத்துக்குள் அது மறுபடியும் பிளாட்பாரத்தில் நிற்கும். அவர் ஒரு வார்த்தை கோபமாகப் பேசியதில்லை. சண்டை போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஜனங்கள் எங்கே கூடினார்கள் என்று நினைக்கிறீர்கள்? என்னுடைய தஞ்சாவூர் ஜங்ஷன் மேசையில் ஓவர்ஹெட் கம்பிகளைத் தலைமுடி கனத்தில் இழுத்திருந்தேன். பிளாட்பாரக் கூரையின் ஒவ்வொரு தூணையும் நேரில் போய் அளந்து செய்தது. வந்தவர்கள் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு, “பாபநாசம் எங்க சார் இருக்கு?” என்று என்னிடமே வழி கேட்டார்கள். வாழைத்தார்க்காரனுடன் போட்டோ எடுத்துக்கொள்ள வரிசை நின்றது.

கடைசி நாள் சாயங்காலம் முழு ஓட்டம். ஒரே வண்டி, ஒரே ஓட்டுநர். கும்பகோணத்தில் புறப்பட்டு, எல்லா ஸ்டேஷன்களிலும் நின்று, தஞ்சாவூர் வந்து சேர வேண்டும். நடுவழியில் நின்றால் ஓட்டம் செல்லாது. கேடயம் இதற்குத்தான். யார் ஓட்டுவது என்று குழுவில் பேச்சு வந்தபோது நான் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன்.

“குணா அண்ணன் ஓட்டட்டுமே சார்” என்றான் ஸ்ரீவத்ஸன். “நீங்க சிக்னல் பாத்துக்குங்க. உங்களை மாதிரி சிக்னல் போட யாரால முடியும்?”

டாக்டர் விஜயலட்சுமி தலையாட்டினார். குணசேகரன் மட்டும், “சாரே ஓட்டட்டுங்க, அவருதானே ஆரம்பிச்சது” என்றார். அவர் அப்படிச் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. விட்டுக்கொடுப்பதற்கு அது முதலில் அவருடையதாக இருக்க வேண்டும் அல்லவா? “இல்லை, நீங்களே ஓட்டுங்கள்” என்றேன். பெருந்தன்மையோடுதான் சொன்னேன்.

இப்போது அந்த அறையை விளக்க வேண்டும். ஓட்டுகிறவன் பார்வையாளர் கண்ணில் படக்கூடாது, வண்டி மட்டுமே தெரிய வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. நான் போட்ட விதி. அதனால் மணமேடைக்குப் பக்கத்தில் இருக்கும் மாப்பிள்ளை அறையைக் கட்டுப்பாட்டு அறையாக வைத்துக்கொண்டோம். பாதை நெடுகிலும் ஸ்ரீவத்ஸன் வைத்த கேமராக்களின் காட்சி உள்ளே திரைகளில் தெரியும். ஓட்டுநர் கையில் ஒரு கன்ட்ரோலர். பக்கத்து நாற்காலியில் சிக்னல் போடுகிறவன். குழந்தைகள் நுழையாமல் இருக்கக் கதவை உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்வோம்.

குணசேகரனுக்குப் போன வருடம் நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரையைச் சின்னத் தகர டப்பாவில் போட்டு எப்போதும் சட்டைப் பையிலேயே வைத்திருப்பார். அன்றைக்கு நாங்கள் எல்லோரும் குழுவின் பச்சை டீ-ஷர்ட் போட்டிருந்தோம். அதில் பை கிடையாது. டப்பாவைக் கொண்டுவந்து கட்டுப்பாட்டு மேசையில் வைத்தார். மேசையில் கருவிகளைத் தவிர வேறெதுவும் இருக்கக்கூடாது என்பதும் விதி. எடுத்து என் பக்கத்து ஜன்னல் திட்டில் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். “அங்கயே இருக்கட்டும் சார்” என்றார். அந்த நேரத்தில் என் மனத்தில் எதுவும் இல்லை. ஒழுங்கைத் தவிர.

வண்டி கும்பகோணத்தில் சரியாகத்தான் புறப்பட்டது. தாராசுரத்தில் கொஞ்சம் வேகமாக நின்றது. சுவாமிமலையில் பிளாட்பாரத்தைத் தாண்டி அரைப் பெட்டி போய்விட்டது. சுந்தரப்பெருமாள்கோவிலில் அவருக்கு வியர்த்துக் கொட்டத் தொடங்கியது. ஏசி ஓடிக்கொண்டிருந்தது. பாபநாசத்தில் வண்டி நின்றபோது வெளியே கூட்டம் கைதட்டுவது கேட்டது. ஆட்டுக்காகத் தட்டியிருப்பார்கள். அவர் புன்னகை செய்தார். வண்டியை மறுபடி எடுத்தார். எடுத்த கையோடு நாற்காலியிலிருந்து சரிந்தார்.

கன்ட்ரோலர் தரையில் விழாமல் பிடித்தேன்.

அந்தக் கணத்தில் என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். எதுவும் தோன்றவில்லை, இன்ஸ்பெக்டர். இரண்டு பொருள் விழுகின்றன, கை ஒன்றைப் பிடிக்கிறது. வண்டி போய்க்கொண்டிருந்தது. அதற்கு முன்னால் பாலம் இருந்தது.

“சார், மாத்திர” என்றார் அவர். தெளிவாகவே சொன்னார். கேட்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். உடனே ஜன்னல் பக்கம் கையை நீட்டி டப்பாவை எடுத்துவிட்டேன். தாமதம் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் அது இறுக்கமான மூடி. திறக்க இரண்டு கை வேண்டும். என் வலது கையில் கன்ட்ரோலர் இருந்தது.

ஒரு பொத்தானை அமுக்கினால் வண்டி நின்றிருக்கும். உண்மைதான். நின்றிருந்தால் ஓட்டம் செல்லாமல் போயிருக்கும். நான்கு பேரின் உழைப்பு அது, என் ஒருவனுடையது அல்ல. அவருடைய உழைப்பும் அதில் இருந்தது. வீணாவதை அவரே விரும்பியிருக்க மாட்டார். பண்டாரவாடையில் வண்டி நிற்குமே, அப்போது திறந்து கொடுக்கலாம் என்று முடிவு செய்தேன். நியாயமான முடிவு. ஆனால் பண்டாரவாடையில் நிற்கிற நேரம் மிகவும் கொஞ்சம். சிக்னலையும் நானே போட வேண்டியிருந்தது, வேகத்தையும் கவனிக்க வேண்டும், இரண்டு ஆள் வேலை. வண்டி பிளாட்பாரத்தில் அளவெடுத்ததுபோல நின்றது. முதல் பெட்டி முதல் தூணுக்கு நேராக. அவ்வளவு சுத்தமாக ஒரு வண்டி நின்று நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் நேரம் ஆகிவிட்டது. புறப்பட வேண்டியிருந்தது.

ஐயம்பேட்டைக்குக் கொஞ்சம் முன்னால் கதவு தட்டும் சத்தம் கேட்டது. டாக்டர் விஜயலட்சுமி.

“குணா, மோர் கொண்டுவந்திருக்கேன். புழுங்கித் தள்ளுது வெளியில. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு டம்ளர் குடிங்க.”

“இப்ப வேண்டாம் டாக்டர்” என்றேன். “வண்டி ஐயம்பேட்டைகிட்ட இருக்கு.”

“சரி சரி, வாசல்லயே வெச்சுட்டுப் போறேன். பிரமாதமா ஓட்டுறாருன்னு சொல்லுங்க.”

குணசேகரன் தரையிலிருந்து அவரைக் கூப்பிட முயன்றார். “டாக்” என்பதுவரை வந்தது. நான் சிக்னல் மணியை அடித்தேன். அந்த இடத்தில் மணி அடிக்க வேண்டும் என்பது விதி. சந்தேகம் இருந்தால் ஸ்ரீவத்ஸனைக் கேளுங்கள், அவனிடம் விதிகள் எல்லாம் இருக்கின்றன.

திட்டைக்கு அப்புறம் வெண்ணாற்றுப் பாலம். அதைக் கடக்கும்போது அறையில் என் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. தஞ்சாவூர் ஜங்ஷனில் என் தூண்களுக்கு நடுவே வண்டி வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. மண்டபமே எழுந்து கைதட்டியது. நான் கன்ட்ரோலரை மேசையில் வைத்தேன். இப்போது இரண்டு கையும் காலியாகிவிட்டதால் டப்பாவைத் திறந்து பார்த்தேன். பலன் இருக்காது என்று தெரிந்தது. மூடி, கன்ட்ரோலருக்குப் பக்கத்திலேயே வைத்தேன். விதிக்கு மாறானதுதான். ஆனால் ஓட்டம் முடிந்துவிட்டது.

கதவைத் திறந்தபோது வாசலில் இரண்டு டம்ளர் மோர் இருந்தது. எனக்குத் தொண்டை வறண்டிருந்தது. இருந்தாலும் குடிக்கவில்லை. அந்தச் சமயத்தில் அது முறையாக இருக்காது.

ஓடிவந்தவர்களிடம் நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “வண்டியைத் தஞ்சாவூர் கொண்டுவந்து சேர்த்தார், அப்படியே சாஞ்சிட்டார்.” யோசித்துச் சொன்னதல்ல. ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் விஜயலட்சுமி மண்டியிட்டு அவர் நெஞ்சை அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். வளையல் உடைந்து அவர் கையிலேயே கீறியது. ஆம்புலன்ஸ்காரர்கள் வந்துதான் டாக்டரைத் தூக்கிவிட்டார்கள். “கதவுக்கு வெளியிலதான நின்னேன், கதவுக்கு வெளியிலதான நின்னேன்” என்று அன்றைக்கு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். நான்தான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். நம் கையில் எதுவும் இல்லை டாக்டர் என்றேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் தாங்க முடியவில்லை.

நான் சொன்ன அந்த ஒரு வாக்கியம் எங்கெங்கோ போய்விட்டது. வலங்கைமானில் ‘கடமை முடித்துக் கண்மூடிய கலைஞனே’ என்று பேனர். அதில் அவர் ஒரு எஞ்சினைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கிறார், அந்த எஞ்சின் ஜப்பானுடையது. துக்கம் கேட்கப் போன இடத்தில் கலைமகள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். “மாத்திரை டப்பா கைக்கிட்டயே இருந்திருக்கே சார். எடுத்துப் போட்டுக்கலையே இந்த மனுசன். ரயிலை விட்டுட்டு வர மனசு வரலை பாருங்க.” சுற்றி இருந்தவர்கள் எல்லோரும் அதைக் கேட்டு வாய்மேல் கைவைத்தார்கள். டப்பாவை அங்கே வைத்தது நான். இப்படி ஒரு பெருமை அதிலிருந்து முளைக்கும் என்று யார் கண்டது?

போன ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம். கோயம்புத்தூர் நடுவர்கள் வந்திருந்தார்கள். தலைமை நடுவர் பேசும்போது, ஆரம்பத்தில் ஓட்டம் சுமார்தான் என்றும், பாபநாசத்துக்குப் பிறகு ஒரு மேதையின் கை தெரிந்தது என்றும் சொன்னார். பாபநாசத்துக்குப் பிறகு. அந்தச் சொல்லை அவர்தான் பயன்படுத்தினார். அந்த வித்தியாசம் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. மரணத்தை நெருங்கும் ஒருவருக்கு வந்த தெளிவு அது என்று விளக்கமும் கொடுத்தார். பிறகு கேடயத்தைக் கலைமகள் கையில் கொடுத்தார்கள். இனி ஆண்டுதோறும் நடக்கும் ஓட்டத்துக்குக் குணசேகரன் பெயரையே வைப்பதாகத் தீர்மானம். முன்மொழியச் சொன்னது என்னை. முன்மொழிந்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் ஆட்டோவில் என் மனைவி ஜகதாம்பாள் கரந்தை தாண்டும்போது கேட்டாள்.

“அவர் அப்படி ஓட்டியிருக்கார். நீங்க அத்தனை நாழியும் பக்கத்துல சும்மாவா உக்காந்திண்டிருந்தேள்?”

 அன்றிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. மனசாட்சி என்று சொல்வார்களே, அது இதுதான் என்று நினைக்கிறேன். ஒரு பொய் பதிவாகி நிற்கும்போது, தெரிந்தவன் வாயை மூடிக்கொண்டிருப்பது குற்றம். அதனால்தான் வந்தேன்.

சட்டப் பிரிவுகள் உங்கள் வேலை. டப்பா என் கையில் இருந்ததையும், டாக்டரை நான் திருப்பி அனுப்பியதையும், குணசேகரன் திட்டை வரைக்கும் உயிரோடு இருந்ததையும் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். பாபநாசத்திலிருந்து தஞ்சாவூர் வரை வண்டியை ஓட்டியவர் பேராசிரியர் சிவசங்கரன் என்று ஒரு வரி தெளிவாக இருந்தால் போதும். நகல் ஒன்று கோயம்புத்தூருக்கு அனுப்ப முடியுமானால் நல்லது.

இன்னும் ஒன்று. பசுபதிகோவில் வளைவில் வண்டி ஒருமுறை லேசாகக் குலுங்கியிருக்கும். வீடியோவைப் பார்த்தால் தெரியும். நடுவர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனாலும் என் ஓட்டம் என்று பதிவாகும்போது இதற்கும் காரணம் பதிவாக வேண்டும். அது என் கைப்பிழை அல்ல. அந்த இடத்தில் அவர் என் கணுக்காலைப் பிடித்தார்.